பழைய சாம்பியன்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள்

தம்பி,

நம் ஆட்களின் அனைத்துலகப் பட்மின்டன் சுற்றுப்போட்டி இந்த முறை சிட்னியில் நடக்கிறது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டொரொன்டோ, லண்டன், பாரிஸ், சூரிச், சிங்கப்பூர், சென்னை என்று எங்கெல்லாம் நம் பிள்ளைகள் சிதறிக் கிடக்கிறார்களோ அங்கிருந்தெல்லாம் வரப் போகிறார்கள். வழமைபோலச் சிறப்பு மலர் ஒன்றும் போடுகிறார்கள். அதில் பழைய சாம்பியன்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் என்னைக் கேட்டார். "அண்ணை, உங்களை விட்டா வேற ஆர் இருக்கினம்? தொடக்கத்தில இருந்து கோட்டுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருந்த ஆள் நீங்கள்தானே" என்றார். புகழ்ச்சிக்கு மயங்காத கிழவன் எங்கே இருக்கிறான்? ஓம் என்று சொல்லிவிட்டேன். அன்று பின்னேரமே நோர்த்மீட் வீட்டுக் குசினி மேசையில் பேனையோடு உட்கார்ந்தும் விட்டேன். உன் அம்மா ஒரு தேத்தண்ணியை வைத்துவிட்டு, "எழுத்தாளருக்கு வேற என்ன வேணும்?" என்று நக்கலடித்துவிட்டுப் போனா.

பெயர்களை எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு பெயரை எழுதும்போதும், இவர் இப்போது எங்கே என்று மனம் கேட்டது. ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது. ஒருவர் இல்லை. ஒருவர் லண்டனில் இரத்த அழுத்தத்துக்கு மருந்து குடித்துக்கொண்டு இன்னும் விளையாடுகிறார். அடுத்தவரும் இல்லை. பிறகு உன் பெயர் வந்தது. இருபத்திரண்டு வயதில் நீ வென்ற வருடம். அதை எழுதின கை அதற்கு மேல் நகரவில்லை. உன் பெயருக்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றி எழுதிக்கொண்டு, உன்னைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியாது. உன் நெஞ்சில் நோ இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு நீ இந்தப் போட்டியில் விளையாடப் போகிறாய். நீ கோர்ட்டில் இறங்குவதற்கு முன் ஒரு டொக்டர் உன் நெஞ்சைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கட்டுரையை விட்டுவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

நான் ஒரு நாளும் ரக்கெட் பிடித்தவனில்லை என்று நீ நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பாய். உண்மைதான். நான் கோட்டு நடுவர் ஆன கதையும் உனக்குத் தெரியும். முதல் வருடம் என்னைக் கன்ரீனில் ரோல்ஸ் பொரிக்கச் சொன்னார்கள். வேலையால் வந்த மனுசனை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிறுத்தப் பார்க்கிறீர்களா என்று நான் குதித்ததில், சமாதானப்படுத்த ஒரு கதிரையைத் தந்து கோர்ட்டின் மூலையில் இருத்திவிட்டார்கள். அன்று இருந்தவன்தான். கோட்டு நடுவருக்கு ஆட்டம் தெரியாது, தம்பி. அவனுக்குத் தெரிவது ஒரு கோடும், அந்தக் கோட்டைச் சுற்றி ஓடுகிற சப்பாத்துகளும்தான். ஷட்டில் வெளியே விழுந்தால் கைகளை விரி. உள்ளே விழுந்தால் கோட்டைக் காட்டு. பார்க்க முடியாமல் போனால் இரண்டு கையாலும் கண்ணை மூடிக் காட்டு. அவ்வளவுதான் வேலை. முகத்தைப் பார்க்கிற வேலை மற்றவர்களுக்கு. நான் இத்தனை வருடமும் கால்களையே பார்த்தேன். யார் களைத்துவிட்டான், யார் நடிக்கிறான், யாருக்குக் குதிக்கால் நோகிறது என்றெல்லாம் கால் சொல்லும். சாம்பியன்களின் முகத்தை நான் பரிசளிப்பில்தான் ஒழுங்காகப் பார்த்திருக்கிறேன்.

உன் கால்களை நான் மிகச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பிளாக்டவுன் மண்டபத்துக்குக் கொண்டுபோவேன். வழியில் கடையில் ஒரு மட்டன் ரோல் வாங்கித் தருவேன். நீ அதைத் தின்றபடியே, "அப்பா, ஃபாஸ்டா ஓடுங்கோ, வீ ஆர் லேட்" என்று கத்துவாய். இடது கையால் விளையாடுகிறாய் என்பதற்காக அம்மா முதலில் கவலைப்பட்டா, பிறகு அந்த இடது கையையே தெருவெல்லாம் புகழ்ந்து திரிந்தா. தோற்ற நாள்களில் நீ வீடு வரும்வரை வாய் திறக்க மாட்டாய். கால் நோகிறதா, பசிக்கிறதா, அழுகை வருகிறதா, ஒன்றும் சொல்ல மாட்டாய். கேட்டால் "ஐ'ம் ஃபைன்" என்பாய். அந்த வயதில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை நோவைத் தாங்குவான் என்று ஆட்களிடம் சொல்லியும் இருக்கிறேன். இன்று அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் எனக்குக் குலை நடுங்குகிறது.

வசந்தனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த வசந்தன் அங்கிள்தான், ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. இந்தப் போட்டியின் மிகப் பெரிய சாம்பியன் யார் என்று கேட்டால் கனடாக்காரர் ஒரு பெயர் சொல்வார்கள், லண்டன்காரர் ஒரு பெயர் சொல்வார்கள், நான் வசந்தன் என்றுதான் சொல்வேன். ஒற்றையர் ஆட்டத்தில் வென்றான், இரட்டையரில் வென்றான், வயது ஏறினதும் நாற்பதுக்கு மேற்பட்டோர் பிரிவில் வந்தும் வென்றான். சிகரெட் இல்லை, குடி இல்லை, காலமையில் ஓட்டம். "அண்ணை, நான் கிழவனாகிறதெண்டா கோர்ட்டிலதான் ஆவன்" என்று பகிடி விடுவான். போன முறைக்கு முந்தின போட்டியில், கால் இறுதி வென்று, வியர்வை துடைத்து, வெளியே காருக்கு மாற்றுச் சட்டை எடுக்கப் போனான். நாங்கள் அடுத்த ஆட்டத்துக்கு ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். வராவிட்டால் எதிராளிக்கு வெற்றி என்று அறிவிப்போம் என்றுகூட ஒருவர் மைக்கில் சொன்னார். அவன் கார்க் கதவுக்கும் பக்கத்துக் காருக்கும் இடையில் கிடந்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைகிற நேரம், அவன் மனைவி கலா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினா. "அண்ணை, நீங்கள் கோட்டடியில இருந்தனீங்கள்தானே. அண்டைக்கு அவர் அடிக்கடி குனிஞ்சு சப்பாத்து லேஸ் கட்டினவரோ?" என்று கேட்டா. ஓம், கட்டினவன் என்றேன். "அவிழ்ந்திருந்ததோ?" நான் யோசித்தேன். அவிழ்ந்திருக்கவில்லை. என் கண்ணுக்கு நேரே இருந்த சப்பாத்து அது. இறுக்கிக் கட்டின லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். கொஞ்ச நேரம் குனிந்திருக்க அவனுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. நடுவர் ஒன்றும் சொல்ல மாட்டார், எதிராளிக்கும் சந்தேகம் வராது. கலா தலையாட்டினா. "வீட்டிலயும் அப்பிடித்தான் அண்ணை. படி ஏறேக்க நடுவில நிண்டு லேஸ் கட்டுவார். ஒருநாள் செருப்போட நிண்டு குனிஞ்சவர்" என்று சொல்லிவிட்டு, அழாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தா.

கேள், இதைவிட மோசமான பகுதி இனித்தான். அவனுக்கு நெஞ்சு நோகிறதென்று கலாவுக்குத் தெரியும். வாய்வு என்றுதான் நினைத்திருக்கிறா. "அண்டைக்குக் காலமையும் நான்தான் அண்ணை இஞ்சி இடிச்சுக் குடுத்தனான். குடிச்சுப்போட்டு, இப்ப சுகமெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்." அவனோடு இரட்டையர் ஆடியவனுக்கும் தெரியும். அவனிடம், கலாவுக்குச் சொல்லாதே, பயந்திடுவா என்று சொல்லியிருக்கிறான். பிறிஸ்பேனில் இருக்கிற அவன் தம்பிக்கும் தெரியும். அவனிடம், அம்மாவின் காதில் போடாதே என்று சொல்லியிருக்கிறான். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தன்னை நம்பி ஒப்படைத்த இரகசியம் என்று நெஞ்சுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஒருநாள் ஒரு மேசையில் இருந்திருந்தால் அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். சேர்ந்தார்கள்தான். அவனுடைய செத்த வீட்டில் சேர்ந்தார்கள்.

தொடக்க நிகழ்ச்சியில் பழைய சாம்பியன்களை வருட ஒழுங்கில் வரிசையாக நிறுத்துவோமே, அந்த வழக்கம் உனக்குப் பிடிக்கும். முதல் வெற்றியாளர் கோப்பையை வாங்கி அடுத்தவர் கையில் கொடுப்பார், அது கை மாறிக் கை மாறிக் கடைசிச் சாம்பியனிடம் போகும். செத்துப் போனவருடைய இடத்தை விடக் கூடாது என்று அவருடைய வீட்டுக்காரர் யாராவது அவருடைய ரக்கெட்டோடு வந்து நிற்பார்கள். முந்தி அப்படி நிற்பவர் ஒருவர் இருந்தாலே பெரிய விசயம். போன வருடம் நான் என் கதிரையிலிருந்து பார்த்தேன். விளையாடின கால்களுக்கு நடுவில் நடுத்தர வயதுப் பெண்களின் செருப்புகள். ஒரு சின்னப் பெண்ணின் பள்ளிக்கூடச் சப்பாத்து. கலாவும் நின்றா. வசந்தனின் ரக்கெட்டைப் பிடிக்கத் தெரியாமல் தலைப்பக்கத்தைக் கையில் பிடித்து, கைபிடி கீழே தொங்க நின்றா. கோப்பை வந்தபோது எந்தக் கையால் வாங்குவது என்று தடுமாறினா. சனம் எழும்பி நின்று கை தட்டியது. நீயும் அந்த வரிசையில் நின்று தட்டினாய். எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை. எழும்பிப் போய்க் கழுவறைக்குள் நின்றேன்.

இனி உன் விசயத்துக்கு வருகிறேன். போன மாதம் பேத்தியைப் பார்க்கவென்று மெல்பேர்னுக்கு, உங்கள் கிளென் வேவர்லி வீட்டுக்கு வந்தேனே. வழமைபோல உன் பயிற்சி பார்க்கவும் வந்தேன். அங்கே எனக்குக் கதிரை போட ஆளில்லை. சுவரோடு தரையில் இருந்தேன். ஆதிரா என் மடியில் இருந்து சிப்ஸ் தின்றாள். நன்றாகத்தான் விளையாடினாய். இரண்டாவது கேமின் நடுவில் குனிந்து லேஸ் கட்டினாய். பயிற்சி ஆட்டத்தில் யாருக்காக அந்தச் சாட்டு? கொஞ்சத்தில் திரும்பவும் குனிந்தாய். நான் இருந்த இடத்திலிருந்து உன் சப்பாத்து கை எட்டுகிற தூரம். முடிச்சு கல்லுப்போல இருந்தது. அதை நீ அவிழ்த்தாய், தம்பி. எழும்பும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பை நீ அம்மாவுக்குக் காட்டியிருக்கலாம், எனக்குக் காட்டியிருக்கக் கூடாது.

வெளியே கார் பார்க்கில் மெல்பேர்ன் குளிர் முகத்தில் அறைந்தது. நீ காரின் கூரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாய். அந்தக் குளிரில் உன் நெற்றியால் வியர்வை ஓடியது. இடது தோளைப் பிசைந்தாய். என்னடா என்றேன். "காஸ், அப்பா. காலமை சாப்பிட்ட பிட்டு. ஐ'ம் ஃபைன்." பொக்கெட்டிலிருந்து ஒரு குளிசையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாய். உன் ஃபார்மசியில் நீ விற்கிற வாய்வுக் குளிசை. அங்கே கவுன்ரருக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நெஞ்சு நோ என்று சொன்னால், குளிசை கொடுக்காமல் அம்புலன்ஸுக்கு அடிக்கிறவன் நீ. அதை நீயே பெருமையாக எனக்குச் சொல்லியிருக்கிறாய். அந்த மனுசனுக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா? பிறகு காருக்குள் ஏறி, ஆதிராவுக்கு பெல்ட் போட்டுவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நிரோவுக்குச் சொல்லாதேங்கோ, அப்பா. ஷீ'ல் பானிக். டூர்ணமன்ட் முடிய நான் செக் பண்ணுறன். ப்ரொமிஸ்" என்றாய். என்னிடமும் ப்ரொமிஸ் வாங்கினாய். நான் ஓம் என்றேன்.

சிட்னிக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாளில் மருமகள் நிரோஷா அம்மாவுக்குப் போன் அடித்தாள். உள்ளிப்பூண்டு சுட்டுக் கொடுத்தால் வாய்வு போகுமா, பெருங்காயம் எவ்வளவு போடுவது என்று கேட்டாளாம். அம்மா சந்தோசமாக அரைமணி நேரம் வைத்தியம் சொன்னா. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு போனை வாங்கிக்கொண்டு வெளியே போய், "பிள்ளை, ஆருக்கு வாய்வு?" என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். "மாமா, உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர். அப்பாவுக்கு ஏற்கெனவே ஹார்ட் பிரச்சினை, தெரிஞ்சா தாங்கமாட்டார் எண்டவர். ஒருக்கா குசினியில நிலத்தில இருந்திட்டார், மாமா. நான் அம்புலன்ஸுக்கு அடிக்கப் போக போனைப் பறிச்சிட்டார்." அவளிடம், அப்பாவுக்குச் சொல்லாதே என்றாய். என்னிடம், அவளுக்குச் சொல்லாதே என்றாய். அம்மாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள் மூன்று பேரைத் தனித்தனி அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறாய். வசந்தன் செய்த அதே வேலை. என்ன திறமை உங்கள் எல்லோருக்கும்! இந்த மூளையை ஆட்டத்தில் பாவித்திருந்தால் ஒருவரும் உங்களை அடித்திருக்க முடியாது.

என் நெஞ்சைப் பிளந்து தைத்தது உனக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நீ நின்றாய். அந்தச் சத்திரசிகிச்சை டொக்டர், இது பரம்பரையில் வரும், மகனையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள் என்று உன் முகத்துக்கு நேரேதான் சொன்னார். அவர் போனதும் நீ சிரித்தாய். "ஐ ப்ளே ஸ்போர்ட், அப்பா. யூ நெவர் டிட்" என்றாய். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கதிரையில் இருந்து கதிரையில் எழும்பின எனக்கு வந்தது, பறந்து பறந்து அடிக்கிற உனக்கு ஏன் வரப் போகிறது? ஆனால் வசந்தனும் பறந்துதான் அடித்தான். ஓடுகிறவனுக்கு வராது என்று எந்த டொக்டரும் எனக்குச் சொன்னதில்லை. நம் ஆட்கள்தான் சொல்கிறார்கள். நெஞ்சு நொந்தால் வாய்வு, தோள் நொந்தால் குளிர், மூச்சு வாங்கினால் வயது. ஆஸ்பத்திரி மட்டும் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. இத்தனைக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு டொக்டராவது இருக்கிறார்.

நான் முதலில் உன்னிடம் நேரே கேட்கவில்லை என்று நீ சொல்ல முடியாது. கேட்டேன். தயவாகக் கேட்டேன், பிறகு கத்தினேன். உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இருதய டொக்டரிடம் நானே அழைத்து நேரம் எடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு என் ஆங்கிலம் விளங்கவில்லை, உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எடுத்தேன். நீ அதை ரத்துச் செய்துவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போட்டாய்: "பிஸி வீக். ஆஃப்டர் டூர்ணமன்ட்." அதற்குப் பிறகு ஒரு சிரிக்கிற முகம். அந்த மஞ்சள் முகத்தைப் பார்த்து நான் குசினியில் தனியே நின்று தூசணத்தால் ஏசினேன். அம்மா, ஆரோட கதைக்கிறீங்கள் என்று கேட்டா.

செயலாளரிடமும் போனேன். நாற்பதை நெருங்கியவர்கள் எல்லோரும் டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால்தான் விளையாடலாம் என்று ஒரு விதி போடுங்கள் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணை, அப்பிடிக் கேட்டா அந்தப் பிரிவையே மூட வேண்டி வரும். ஒருத்தரும் வரமாட்டினம்." அவர் சொன்னதில் இருந்த பயங்கரம் அவருக்கு விளங்கவில்லை. எல்லோருக்கும் தங்கள் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரியும். அதனால்தான் ஒருவரும் கடிதம் வாங்க மாட்டார்கள்.

நீ ஏன் இப்படி நிற்கிறாய் என்றும் எனக்குத் தெரியாமல் இல்லை. இருபத்திரண்டில் வென்றாய், அதற்குப் பிறகு வெல்லவில்லை. போன முறை இறுதி ஆட்டத்தில் தோற்றாய். இந்த முறை போட்டி நீ வளர்ந்த ஊரில். ஆதிராவுக்கு இப்போது பார்த்து விளங்குகிற வயது. அவள் பார்க்க ஒரு தரம் வெல்ல வேண்டும், அப்பா என்று நீ சொன்னபோது என் கண் கலங்கியது உண்மை. ஆனால் ஒன்றைக் கேள். சூரிச்சிலிருந்து வருகிற மைதிலியை உனக்குத் தெரியும்தானே, பெண்கள் பிரிவில் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தவள். ஒரு வருடம் இறுதி ஆட்டத்தில், வெல்ல இன்னும் சில புள்ளிகளே இருக்கையில், ரக்கெட்டை நடுவரின் கதிரையடியில் வைத்தாள். "எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது, நான் விளையாடமாட்டன்" என்று உரத்துச் சொன்னாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. சனம் ஊளையிட்டது. தோல்விக்குப் பயந்து நடிக்கிறாள் என்று எனக்குப் பின்னால் இருந்த ஒரு மனுசன் சொன்னான். அவளுடைய சொந்தப் பயிற்சியாளரே தலையில் கை வைத்தார். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. முதலுதவிக்காரரைக் கூப்பிட்டுத் தரையில் படுத்துக்கொண்டாள். அன்று ஆஸ்பத்திரியில் அவளுடைய இரத்தக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு போட்டிக்கும் வருகிறாள். விளையாடுவதில்லை. கன்ரீனில் இருந்து ரோல்ஸ் தின்று, இருக்கிற எல்லோரையும் நக்கலடிக்கிறாள். அந்த வருடக் கோப்பையில் வேறு யாரோ ஒருத்தியின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் எனக்கு நினைவில்லை. என்னிடம் கட்டுரை கேட்டார்களே, பழைய சாம்பியன்களில் சிறந்தவர் யாரென்று, அவளைத்தான் நான் எழுதியிருப்பேன்.

இப்போது நான் செய்யப் போவதைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் இன்று உனக்கு வரும். நிரோஷாவுக்கும் அம்மாவுக்கும் இதே கடிதம் இன்றே போகிறது. உனக்குத் தந்த வாக்கை நான் மீறுகிறேன், தெரிந்துதான் மீறுகிறேன். மலருக்குச் செயலாளர் கேட்ட நான்கு பக்கத்துக்கும் இதையேதான் கொடுத்திருக்கிறேன். இதுவரை எழுதினதை அவர் வாசித்துவிட்டு, போடுகிறோம் அண்ணை என்றார். அச்சுக்குப் போக இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அதற்குள் நீ அந்த டொக்டரிடம் போய், நெஞ்சை ஒழுங்காகப் பரிசோதித்துவிட்டு எனக்கு ஒரு போன் அடி. நான் இதைத் திருப்பி வாங்கிவிட்டு, பழைய சாம்பியன்களின் படங்களை அந்தப் பக்கங்களில் போடச் சொல்கிறேன். டொக்டர் விளையாடலாம் என்று சொன்னால் நானே வந்து உன் பையைத் தூக்குவேன். போகாவிட்டால் இது அச்சாகும், மண்டபத்தில் ஒவ்வொரு கதிரையிலும் இருக்கும். நீ எத்தனை பேரின் வாயைப் பூட்டுவாய் என்று பார்ப்போம்.

உனக்குக் கோபம் வரும். என் உடம்பு, என் விசயம், ஊருக்கெல்லாம் ஏன் சொன்னீர்கள் என்று கேட்பாய். மானம் போய்விட்டது என்பாய். போகட்டும். இனி நோர்த்மீட் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்பாய், பேத்தியைக் காட்ட மாட்டேன் என்பாய். எனக்கு வயது எழுபத்திரண்டு, அந்தத் தண்டனையைத் தாங்க எனக்குப் பலம் இல்லை, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆதிராவின் குரலைக் கேட்காத நாள் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இருந்தாலும் அதையும் எடுத்துக்கொள். நீ என்னை வெறுத்துக்கொண்டு கிளென் வேவர்லியில் கிழவனாவதை நான் இங்கிருந்து கேள்விப்பட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் போதும்.

கடைசியாக, இது உனக்கில்லை, தம்பி. மண்டபத்தில் இருக்கிற மற்றவர்களுக்கு.

அண்ணைமாரே, அக்காமாரே, பிள்ளைகளே. என் மகன் டொக்டரிடம் போயிருந்தால் இந்தப் பக்கத்தில் நீங்கள் படங்களைத்தான் பார்த்திருப்பீர்கள். இந்தக் கடிதத்தை வாசிக்கிறீர்கள் என்றால், அவன் போகவில்லை. விளையாட வந்திருக்கிறான். தயவுசெய்து மலரைக் கீழே வைத்துவிட்டு எழும்புங்கள். உயரமானவன், இடது கைக்காரன், மெல்பேர்ன் அணியின் சட்டை போட்டிருப்பான். எந்தக் கோர்ட்டில் நின்றாலும் உள்ளே போய் நெட்டுக்கு முன்னால் நில்லுங்கள். ஆட்டம் குழம்பினால் குழம்பட்டும். நடுவர் ஏசினால் ஏசட்டும். நான் என் மூலையில் இருந்து வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும், கால் முந்தினதுபோல இல்லை, அதுவரை பிடித்து வைத்திருங்கள். அவன் கத்துவான். கத்தட்டும். கத்துகிற பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.

அப்பா